புது போர்டில் விண்டோஸ் 7: டிஸ்க்குக்குள்ளேயே யூஎஸ்பி டிரைவரைச் சேர்த்த அனுபவம்

நண்பர் கடையில் ஸ்டிக்கர் வெட்டும் மெஷின் ஒன்று இருக்கிறது, அதன் மென்பொருள் விண்டோஸ் 7-ஐத் தாண்டி வராது. பழைய கம்ப்யூட்டர் போய்விட்டது, கையில் இருந்தது ஸ்கைலேக் (இன்டெல் ப்ராசஸர் தலைமுறைகளில் ஒன்று) போர்டு. டிவிடி பூட் ஆனது, மொழி கேட்கும் திரையும் வந்தது, ஆனால் கீபோர்டு, மவுஸ் இரண்டிலும் அசைவே இல்லை.

காரணம் எளிது. விண்டோஸ் 7 வந்தது 2009-ல், ஸ்கைலேக் 2015-ல். அதோடு வந்த இன்டெல் 100 வரிசை சிப்செட்டில் பழைய யூஎஸ்பி 2.0 கன்ட்ரோலர் கிடையாது, எல்லா போர்ட்டும் 3.0 கன்ட்ரோலரின் கீழ்தான். அதற்கான டிரைவர் விண்டோஸ் 7 டிஸ்க்கில் இல்லை. பயாஸில் மட்டும் கீபோர்டு நன்றாக வேலை செய்யும், அதனால்தான் பலரும் குழம்புகிறார்கள். பென் டிரைவில் பூட் செய்தால் இன்னும் மோசம், சிடி/டிவிடி டிரைவர் இல்லை என்று ஒரு செய்தி வரும். அதை நம்பி டிவிடி டிரைவரைத் தேடிப் போகாதீர்கள், தான் கிளம்பி வந்த பென் டிரைவே செட்டப்புக்குத் தெரியவில்லை என்பதுதான் விஷயம்.

பிஎஸ்/2 போர்ட் (பழைய கீபோர்டு, மவுஸுக்கான வட்டமான போர்ட்) இருந்தால் பழைய கீபோர்டைச் செருகி ஒப்பேற்றிவிடலாம். இந்த போர்டில் அது இல்லை. சரி, டிஸ்க்கையே மாற்ற வேண்டியதுதான்.

டிவிடி முழுவதையும் ஒரு விண்டோஸ் 10 கம்ப்யூட்டரில் காப்பி செய்து, விம் கோப்புகளின் (விண்டோஸையே சுருக்கி அடைத்து வைத்திருக்கும் இமேஜ் கோப்புகள்) ரீட்-ஒன்லி குறியை எடுத்துவிட்டேன் (எடுக்காவிட்டால் மாற்றங்களைச் சேமிக்க விடாது). யூஎஸ்பி 3.0 டிரைவர் தொகுப்பைப் பிரித்து, ஐஎன்எஃப் கோப்புகள் (டிரைவரை நிறுவும் விவரம் கொண்டவை) இருக்கும் 64 பிட் ஃபோல்டரை மட்டும் எடுத்துக்கொண்டேன். அப்புறம் அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்த கமாண்ட் பிராம்ப்டில் டிஸ்ம் (விண்டோஸ் இமேஜைத் திருத்தும் கமாண்ட்): மவுண்ட் செய்து திறந்து, ஆட்-டிரைவரால் டிரைவரைச் சேர்த்து, கமிட் கொடுத்துச் சேமித்து அன்மவுண்ட்.

இதை இரண்டு இடத்தில் செய்ய வேண்டும், பலர் கோட்டை விடுவது இங்கேதான். செட்டப் ஓடுவது பூட்.விம் கோப்பின் 2-ஆம் இண்டெக்ஸில் (ஒரே விம்முக்குள் இருக்கும் ஒவ்வொரு இமேஜின் வரிசை எண்) இருக்கும் குட்டி விண்டோஸில். ஹார்ட் டிஸ்க்கில் போய் உட்காருவது இன்ஸ்டால்.விம்மில் இருக்கும் வேறொரு விண்டோஸ். முதலாவதில் மட்டும் சேர்த்தால் இன்ஸ்டால் நன்றாகப் போய், முதல் ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு பெயர் கேட்கும் திரையில் கீபோர்டு மறுபடி நின்றுவிடும். இன்ஸ்டால்.விம்மில் எல்லா எடிஷனையும் தொடத் தேவையில்லை, உங்களிடம் லைசன்ஸ் இருக்கும் எடிஷனின் இண்டெக்ஸ் போதும். அதற்குள்ளேயே ரெக்கவரி ஃபோல்டரில் வின்ஆர்ஈ.விம் என்று இன்னொன்று இருக்கிறது. என்றைக்காவது ரிப்பேர் திரைக்குப் போக நேர்ந்தால் அங்கேயும் கீபோர்டு வேண்டுமே, அதனால் அதிலும் சேர்த்துவிட்டேன்.

என்விஎம்ஈ எஸ்எஸ்டி (புதிய வகை வேகமான எஸ்எஸ்டி) போடுகிறவர்கள், அதற்கான டிரைவர் தரும் கேபி2990941 அப்டேட்டையும் இதே வழியில் சேர்க்க வேண்டும். நண்பருடையது பழைய சாட்டா வகை, தப்பித்தோம்.

கடைசியில் ஆஸ்சிடிஇமேஜ் என்ற மைக்ரோசாஃப்ட் கருவியை வைத்து பூட் ஆகும் ஐஎஸ்ஓவாக்கி டிவிடியில் எழுதினேன். மொழித் திரையிலேயே மவுஸ் நகர்ந்தது, மிச்சமெல்லாம் வழக்கமான இன்ஸ்டால்தான். விண்டோஸ் 7-க்கான பொது ஆதரவு 2020 ஜனவரி 14-லேயே முடிந்துவிட்டதால் அந்தக் கம்ப்யூட்டருக்கு இணைய இணைப்பு கொடுக்கவில்லை, டிசைன்கள் பென் டிரைவில்தான் போகின்றன.