விபக்கம் தேடுங்கள்

தத்துவம் படித்து வீட்டுக்கு என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது மணிமேகலையின் 29ஆம் காதை. பௌத்தத் துறவியான அறவண அடிகள் மணிமேகலைக்குக் கற்பிக்கும் பௌத்த தருக்கம் அதில் இருக்கிறது. வறண்ட பகுதி என்று பலரும் அதைத் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு அதைவிட நாள்தோறும் கைகொடுக்கும் பகுதி வேறில்லை.

ஒரு வாதத்துக்கு உறுப்புகள் மூன்று: பக்கம் (நாட்ட விரும்பும் முடிவு), ஏது (அதற்கான காரணம்), திட்டாந்தம் (எடுத்துக்காட்டு). எடுத்துக்காட்டைப் பேசும் பொருளோடு பொருத்தும் உபநயமும், முடிவைத் திரும்பச் சொல்லும் நிகமனமும் திட்டாந்தத்திலேயே அடங்கிவிடும்.

மோட்டார் ஓடுகிறது, தொட்டிக்குத் தண்ணீர் ஏறவில்லை. "கிணறு வற்றிவிட்டது" என்றால் அது பக்கம். "குழாயில் தண்ணீர் வரவில்லையே" என்பது ஏது. "போன கோடையிலும் இப்படித்தான், எட்டிப் பார்த்தால் கிணறு காலி" என்பது திட்டாந்தம். கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் நல்ல ஏது மூன்று சோதனைகளைத் தாண்டவேண்டும். பேசும் பொருளில் அது இருக்கவேண்டும். அதே முடிவு உண்மையான மற்ற இடங்களிலும், அதாவது சபக்கத்திலும், இருக்கவேண்டும். முடிவு பொய்யாகும் இடத்தில், அதாவது விபக்கத்தில், அறவே இருக்கக்கூடாது.

இங்கே மூன்றாவதில்தான் வாதம் விழுகிறது. கிணறு நிறையத் தண்ணீர் இருந்தாலும் குழாயின் அடிமுனையில் தண்ணீரைத் தாங்கி நிறுத்தும் புட்வால்வு ஒழுகினால் குழாயில் காற்று நின்று, மோட்டார் சும்மா சுற்றும். விபக்கத்திலும் தென்படும் இப்படிப்பட்ட ஏதுவுக்கு அநைகாந்திகம் என்று பெயர். ஆகவே, போர்வெல் போட ஆள் கூப்பிடுவதற்கு முன் கயிற்றில் கல்லைக் கட்டிக் கிணற்றில் இறக்கி, கயிறு எவ்வளவு நனைகிறது என்று பாருங்கள். நனைந்தால் பம்பில் தண்ணீர் ஊற்றுங்கள். ஊற்ற ஊற்ற இறங்கிக்கொண்டே போனால் முதலில் புட்வால்வைக் கழற்றிப் பார்க்கவேண்டும்.

சபக்கம் தானாக நினைவுக்கு வரும்; விபக்கத்தை வலிந்து தேடவேண்டும். பழகும்வரை எழுதியே பாருங்கள். "ஏனென்றால்" என்று சொன்னவுடன், அதே காரணம் இருந்தும் முடிவு பொய்த்த இடம் ஒன்றையாவது குறியுங்கள். கஷாயம் குடித்தேன், சளி போனது என்பவர், வெறும் வெந்நீர் குடித்தவருக்கும் ஒரு வாரத்தில் சளி போவதைக் குறிக்கவேண்டியிருக்கும்.

இப்படி ஏதுபோல் தோன்றி ஏமாற்றும் ஏதுப்போலியில் அநைகாந்திகம் தவிர இன்னும் இரண்டு வகை உண்டு. அசித்தம் என்பது ஏதுவே நிலைபெறாதது. ஆவியா பனியா என்ற ஐயம் தீருமுன்பே புகை என்று கொண்டு நெருப்பு உண்டெனத் துணிவதை அந்தக் காதையே இதற்குக் காட்டுகிறது. யாரோ அனுப்பிய செய்தியை வைத்து நாம் முடிவெடுப்பது பெரும்பாலும் இந்த வகைதான். விருத்தம் இன்னும் ஆபத்தானது. அதில் ஏது எதிர்முடிவையே நாட்டும். "மாதம் 5 சதவீதம் வட்டி தருகிறார்கள், நம்பிப் போடலாம்" என்பதைப் பாருங்கள். ஆண்டுக்கு 60 சதவீதம்! அந்த வட்டிதான் நம்பக்கூடாது என்பதற்கு ஏது.

திட்டாந்தம் எதிரில் இருப்பவரும் ஒப்புக்கொண்டதாக இருக்கவேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். வீட்டுச் சண்டைகள் பல இழுபடுவது இதனால்தான். ஒருவர் காட்டும் உதாரணத்தையே மற்றவர் ஏற்பதில்லை, அதற்கு மேல் பேச்சு ஓடுகிறது. அங்கேயே நிறுத்தி, இருவரும் கண்ணால் பார்த்த ஒன்றை எடுத்துக்கொண்டு மறுபடி தொடங்குங்கள்.