தோட்டத்தில் வியாழனைக் கேட்டது: நான்காம் ராத்திரி

வியாழன் கோளிலிருந்து வரும் ரேடியோ அலையை நேற்று கேட்டுவிட்டேன். ராத்திரி 1.40க்குத் தொடங்கி பத்து நிமிடத்துக்கு மேல், கரையில் அலை புரளுவது போல இரைச்சல் ஏறி ஏறி இறங்கியது. ரேடியோவை வைத்திருந்த அலைவரிசை 20.1 மெகாஹெர்ட்ஸ்.

எங்கள் தோட்டம் காங்கயம் பக்கம். ஆண்டெனாவுக்கு மோட்டார் காயில் கட்டும் கடையில் செம்புக் கம்பி வாங்கினேன். மொத்தம் 7.1 மீட்டர், நடுவில் வெட்டி இரண்டு மூங்கிலுக்கு இடையே கிழக்கு மேற்காகக் கட்டியிருக்கிறேன். முதல் நாள் ஈயம் ஒட்டவே இல்லை. கம்பி மேல் இருக்கும் வார்னிஷை பிளேடால் சுரண்டி, செம்பு பளிச்சென்று தெரிந்த பிறகுதான் பிடித்தது.

மூன்று ராத்திரி வீணாகப் போனது. நொடிக்கு ஒரு 'டக்' கேட்டுக்கொண்டே இருந்தது. பன்றிக்குப் போட்ட சோலார் வேலியில் ஒரு கொடி உரசி, பொறி தெறித்துக்கொண்டிருந்தது. கொடியை அறுத்ததும் நின்றது. அப்புறம் மாட்டுக்கொட்டகை எல்இடி விளக்கின் இரைச்சல். அதை அணைக்க அப்பாரு விடவில்லை. "இருட்டுல மாடு மிரளாதா சாமி?" என்றார். பழைய குண்டு பல்பை மாட்டினேன், சரியாகிவிட்டது.

வியாழனின் ரேடியோ அலையை 1955ல் பர்க், ஃபிராங்க்ளின் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். வியாழனைச் சுற்றும் அயோ நிலா சில இடங்களுக்கு வரும்போது அந்த அலை கூடுகிறது என்று 1964ல் பிக் என்ற ஆய்வாளர் காட்டினார். இதை நிலாவின் சத்தம் என்று பலர் சொல்கிறார்கள். அப்படியில்லை. வியாழனின் காந்தப்புலத்துக்குள் அயோ சுற்றுவதால் மின்னோட்டம் உண்டாகி, காந்தக் கோடுகள் வழியே துருவங்களை நோக்கிப் பாய்கிறது. அங்கே சுழலும் எலக்ட்ரான்கள்தான் அலையை வெளியிடுகின்றன. தானே ரேடியோ அலை விடும் நிலா, வியாழனின் இன்னொரு நிலாவான கேனிமீட். 1996ல் கலிலியோ விண்கலம் அதைக் கண்டது. ஆனால் அது சில பத்து கிலோஹெர்ட்ஸ்தான், பூமிக்கு மேலே மின்னேற்றம் பெற்ற காற்றடுக்கான அயனி மண்டலத்தைத் தாண்டி இறங்காது.

கேட்டது வியாழன்தானா? 19.9க்கும் 20.3க்கும் நகர்த்திப் பார்த்தேன், அதே அலை. ரேடியோ ஸ்டேஷன் என்றால் ஒரே அலைவரிசையில் நிற்கும். ஆண்டெனாவைக் கழற்றியதும் அடங்கியது. அயோவின் இடத்தை வைத்து முன்பே குறித்திருந்த நேரத்துக்குள்தான் வந்தது.

அயோ ஒரு சுற்று வர 42.5 மணி நேரம். நான்கு சுற்றில் வியாழன் ஏறக்குறைய 17 முறை தன்னைச் சுற்றி அதே பக்கத்தை நமக்குக் காட்டுவதால், ஏழு நாள் கழித்து கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் தள்ளி இதே வாய்ப்பு வரும். அடுத்த வாரம் 3.30க்கு உட்கார வேண்டும்.

காலையில் பதிவை அப்பாருக்குப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார். "வாய்க்கால்ல புதுத்தண்ணி வர்றதாட்ட இருக்குது" என்றார்.