கவுண்டரில் யாரும் கை நீட்டுவதில்லை, சரி. அப்புறம்?

பிரிட்டனுக்கு வந்த புதிதில் நம்மவர்கள் வியந்து சொல்லும் முதல் விஷயம், "இங்கே எதுக்கும் காசு வெட்ட வேண்டியதில்லை" என்பதுதான். ஓட்டுநர் உரிமம், பிறப்புச் சான்றிதழ், பிள்ளைக்குப் பள்ளியில் இடம் எல்லாம் வரிசைப்படி வந்து சேரும். அது உண்மை. ஆனால் அதை வைத்துக்கொண்டு இந்த நாட்டில் ஊழலே இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம். இங்கே தப்பு நடக்கிற இடம் கவுண்டர் இல்லை. ஒப்பந்தம், கடன் பத்திரம், கூட்டக் குறிப்பின் கடைசியில் யாரும் புரட்டாத பின்னிணைப்பு, இவைதான்.

போஸ்ட் ஆபிஸ் விவகாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கிளைக் கணக்குகளுக்கான ஹொரைசன் மென்பொருள் தவறாகக் காட்டிய பற்றாக்குறைக்காக, கிளை அஞ்சலகம் நடத்தியவர்கள் 900-க்கும் மேற்பட்டோர் திருடர்கள் என்று தண்டிக்கப்பட்டார்கள். அவர்களில் தெற்காசியக் குடும்பத்தினர் ஏராளம். 'கம்ப்யூட்டர் வீக்லி' என்ற தொழில்நுட்ப இதழ் 2009 மே மாதமே எழுதிவிட்டது. 2019-ல் உயர் நீதிமன்றமும் மென்பொருளில் கோளாறு என்று சொல்லிவிட்டது. நாடு கொதித்ததோ 2024 ஜனவரியில், தொலைக்காட்சியில் நாடகமாக வந்த பிறகு. இடைப்பட்ட 15 வருடத்தில் 'பிரைவேட் ஐ' போல விடாமல் எழுதிய ஒன்றிரண்டு இதழ்களைத் தவிர, பெரிய பத்திரிகைகள் செய்தியைத் தொட்டுவிட்டு நகர்ந்துகொண்டே இருந்தன. சந்தேக நபர்களை இனவாரியாகக் குறிக்க விசாரணையாளர்களுக்குக் கொடுக்கப்பட்ட கேவலமான பட்டியல், அதில் 'இந்திய, பாகிஸ்தானிய வகை' என்று ஒரு வரி, 2023-ல் வெளியே வந்தது. கொண்டுவந்தது நிருபர் இல்லை. தகவல் கேட்டு விண்ணப்பித்த ஒரு சாதாரணக் குடிமகள்.

உள்ளூர் அளவில் நிலைமை இன்னும் மோசம். கவுன்சில் கூட்டங்களில் பத்திரிகையாளர் மேசை காலியாகிவிட்டது. அதை நிரப்பத்தான் பிபிசி உரிமக் கட்டணத்தில் சுமார் 165 உள்ளாட்சி நிருபர்களுக்குச் சம்பளம் தரப்படுகிறது; நாடு முழுவதற்கும் அவ்வளவுதான். கணக்குத் தணிக்கையும் படுத்துவிட்டது: 2023 செப்டம்பரில் இங்கிலாந்தின் உள்ளாட்சி அமைப்புகளில் 918 ஆண்டுக் கணக்குகள் தணிக்கை முடியாமல் கிடந்தன. இதற்கு நடுவே எசெக்ஸில் உள்ள தர்ரக் (Thurrock) கவுன்சில் பிற கவுன்சில்களிடம் குறுகியகாலக் கடன் வாங்கி, 65 கோடி பவுண்டுக்கு மேல் சூரிய மின் பண்ணை முதலீட்டில் போட்டது. கேட்ட செய்தியாளர்களுக்கு விவரம் தர மறுத்தது. வழக்கு தீர்ப்பாயம் வரை போனது. 2022 டிசம்பரில் கவுன்சில் பணம் இல்லை என்று கையை விரித்தது. (நம்முடைய தமிழ் ஊடகங்கள் பற்றி ஒரு வார்த்தை: கவுன்சிலருக்குப் பொன்னாடை போர்த்தும் படம் தவறாமல் வரும். அவர் கைதூக்கி நிறைவேற்றிய வரவுசெலவு பற்றி ஒரு வரி வராது.)

சரி, நாம் என்ன செய்யலாம்? ஊரில் தகவல் உரிமைச் சட்டம் இந்தியாவிலும் இலங்கையிலும் குடிமக்களுக்கு மட்டுமே. இங்கே 2005 முதல் நடைமுறையில் உள்ள தகவல் சுதந்திரச் சட்டத்தில் (FOI) அந்த நிபந்தனை கிடையாது. மாணவர் விசாவில் இருப்பவரும் கேட்கலாம், சென்னையில் உட்கார்ந்தபடியும் கேட்கலாம். உண்மைப் பெயர், பதில் அனுப்ப ஒரு மின்னஞ்சல், என்ன தகவல் வேண்டும் என்ற விவரம் போதும். காரணம் சொல்ல வேண்டாம், விண்ணப்பக் கட்டணம் இல்லை. 20 வேலை நாளில் பதில் வர வேண்டும்.

பல விண்ணப்பங்கள் சாவது இந்த இடத்தில்தான். தேடி எடுக்கும் நேரத்துக்கு மணிக்கு 25 பவுண்டு என்று கணக்கு. மத்திய அரசுத் துறைக்கு 600 பவுண்டு, கவுன்சில், காவல்துறை போன்றவற்றுக்கு 450 பவுண்டு உச்சவரம்பு. அதாவது 24 மணி, 18 மணி. "இந்த நிறுவனம் தொடர்பான எல்லா மின்னஞ்சல்களும்" என்று கேட்டால் வரம்பு தாண்டும், முழுசாக மறுத்துவிடலாம். "2023-24 நிதியாண்டில் இந்த ஒப்பந்தத்துக்குக் கொடுத்த ஒவ்வொரு தொகையும் தேதியும், ஒப்பந்தத் திருத்தங்களின் நகலும்" என்று கேளுங்கள். பிரித்துப் பிரித்து அனுப்பித் தப்பிக்கலாம் என்று நினைக்க வேண்டாம்: 60 வேலை நாளுக்குள் ஒரே விஷயமாக வந்தவற்றைச் சேர்த்தே கணக்கிடலாம். மறுத்தால், எதைக் குறைத்தால் தர முடியும் என்று எழுதிக் கேளுங்கள். உதவி செய்வது அவர்களின் சட்டக் கடமை.

அடுத்த சாக்கு 'வணிக ரகசியம்'. அது முழு விலக்கு இல்லை. பொதுநலனோடு எடை போட்டுக் காட்ட வேண்டும். ஒரு பத்தியில் மழுப்பியிருந்தால் உள்மறுஆய்வு கேளுங்கள், 40 வேலை நாளுக்குள். அதற்கும் அசையாவிட்டால் தகவல் ஆணையரிடம் இலவசமாகப் புகார். அவர் முடிவிலும் திருப்தி இல்லையென்றால் 28 நாளில் தீர்ப்பாயம், அதற்கும் கட்டணம் இல்லை. ஸ்காட்லாந்துக்குத் தனிச் சட்டம், தனி ஆணையர்.

விண்ணப்பம் போடும் முன்பே கையில் கிடைக்கிற தகவல் நிறைய. இங்கிலாந்தில் கவுன்சில்கள் 500 பவுண்டுக்கு மேற்பட்ட ஒவ்வொரு செலவையும் காலாண்டுக்கு ஒருமுறை வெளியிட வேண்டும். கோப்பை இறக்கி, பணம் பெற்றவர் பெயர்வாரியாக அடுக்குங்கள். ஒரே நாளில் ஒரே பெயருக்கு ஒரே தொகை பலமுறை போயிருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பெயரை நிறுவனப் பதிவேட்டில் (Companies House) தேடினால் தொடங்கிய தேதியும் இயக்குநர்களும் இலவசமாகத் தெரியும். ஒப்பந்தத்துக்கு ஒரு மாதம் முன் பிறந்த நிறுவனமாக இருக்கலாம். பிறகு கவுன்சிலர்களின் பொருளாதார நலன் பதிவேடு: பதவியேற்று 28 நாளில் சொத்து, வேலை, வாழ்க்கைத் துணையின் நலன் உட்பட எழுத வேண்டும், தக்க காரணமின்றி மறைப்பது குற்றம். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெயர் பொருந்திவிட்டது என்பதாலேயே ஊழல் ஆகிவிடாது. வாட்ஸ்அப் குழுவில் 'திருடன்' என்று போட்டால், அது உண்மை என்று நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில்.

இதைவிடக் கூர்மையான, கிட்டத்தட்ட யாரும் தொடாத உரிமை ஒன்று உண்டு. 2014-ஆம் ஆண்டின் உள்ளாட்சித் தணிக்கைச் சட்டப்படி, இங்கிலாந்தில் வருடத்தில் 30 வேலை நாட்கள் கவுன்சிலின் ரசீது, பில், ஒப்பந்தம் போன்றவற்றை நேரில் பார்த்து நகல் எடுக்கலாம். பெரும்பாலும் ஜூன், ஜூலையில் வரும். அறிவிப்பு கவுன்சில் இணையதளத்தின் ஏதோ மூலையில் கிடக்கும். காலம் முடிந்துவிட்டால் அடுத்த வருடம்தான். 18 மணி நேர வரம்பு இங்கே கிடையாது. அப்பகுதி வாக்காளராக இருந்தால் இன்னும் ஒரு படி போய், தணிக்கையாளரிடம் கேள்வி கேட்கலாம், செலவு சட்டவிரோதம் என்று எழுத்தில் ஆட்சேபிக்கலாம். கிழக்கு லண்டனில், நம்மவர் நிறைந்த ஈஸ்ட் ஹாம் இருக்கும் நியூஹாமில் நடந்தது. குறிப்பிட்ட தேதிகளில் வட்டியை மாற்றும் உரிமை வங்கிக்கு உள்ள 'லோபோ' வகை நெடுங்காலக் கடனைக் கவுன்சில் அரை பில்லியன் பவுண்டுக்கு மேல் வாங்கியிருந்தது. குடியிருப்பவர்களே கணக்குக்கு ஆட்சேபம் எழுப்பினார்கள்.

"நமக்குத்தான் ஓட்டு இல்லையே" என்பவர்களில் பாதிப் பேருக்கு ஓட்டு இருக்கிறது. இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லாம் காமன்வெல்த் நாடுகள். அந்தக் கடவுச்சீட்டோடு, செல்லுபடியாகும் விசாவில் இங்கே குடியிருப்பவர் நாடாளுமன்றத் தேர்தல் வரை வாக்களிக்கலாம். பிரெஞ்சு, ஜெர்மன் கடவுச்சீட்டோடு 2021 முதல் வந்த நம்மவருக்குத்தான் இங்கிலாந்தின் உள்ளாட்சித் தேர்தலில்கூட ஓட்டு கிடையாது.

கிடைத்ததை நிருபரிடம் கொடுக்கும்போது கதை சொல்ல வேண்டாம். செலவுக் கோப்பின் அந்த வரி, அதன் பில்லின் நகல், நிறுவனப் பதிவின் பக்கம், கவுன்சிலின் பதில், தேதி வரிசையில் ஒரே மின்னஞ்சலில். மூன்று வரிக்கு மேல் முன்னுரை எழுதினால் படிக்க மாட்டார்.