உங்க இஷ்டமுங்க

"நீங்க அன்னிக்கே சொன்னீங்க டாக்டரு, நாந்தான் கேக்கலீங்க." செத்துப்போன தன் நாய் செவலையைச் சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு போகும்போது அந்த அம்மா சொன்னது இது. நான் தலையை ஆட்டினேன். ஆட்டியிருக்கக் கூடாது, நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

ஒருவேளை சொன்னேனோ என்று பல தடவை யோசித்துவிட்டேன். ஏழு வருடத்துக்கு முன்னால் வெறிநாய்த் தடுப்பூசிக்குக் கொண்டுவந்திருந்தார். எட்டு மாதக் குட்டி, இன்னும் ஒருமுறைகூடப் பருவத்துக்கு வரவில்லை. "ஏனுங்க, இதுக்குக் குடும்பக் கட்டுப்பாடு பண்ணுவாங்களாமே, பண்ணிரலாமுங்களா? இல்ல, பாவம், ஒரு ஈத்துப் போடட்டும்னு விட்டுரலாமுங்களா?" என் கையில் ஊசி, வெளியே கோமாரித் தடுப்பூசிக்கு மாடுகள். "அது உங்க இஷ்டமுங்க" என்றேன். அவ்வளவுதான்.

என் பக்கமும் கொஞ்சம் இருக்கிறது. கால்நடை மருந்தகத்தில் டாக்டர் நான் ஒருத்தன்தான். மயக்கம் கொடுத்து வயிற்றைத் திறக்க இன்னொரு கை வேண்டும். ஈரோட்டுக்கு அனுப்பியிருக்கலாம், ஆனால் நாயோடு பஸ்ஸில் ஏற்றுவார்களா? ஆனால் இதெல்லாம் பின்னால் யோசித்துக் கண்டுபிடித்தவை. அன்றைக்கு எனக்கு நேரமில்லை, அதுதான் நிஜம்.

ஒரு ஈத்துப் போட்டால்தான் நாய்க்கு நல்லது என்பதற்கு ஆதாரம் இல்லை. முதல் பருவத்துக்கு முன்னால் அறுவை செய்தால் மடியில் புற்றுக்கட்டி வரும் வாய்ப்பு, அறுவை செய்யாத நாய்க்கு இருப்பதில் 0.5 சதவீதம்தான், ஒரு பருவம் கழிந்தால் 8, இரண்டு கழிந்தால் 26 என்று நாமக்கல் கால்நடைக் கல்லூரியில் படித்தபோது மனப்பாடம் செய்தோம். 1969-இல் வந்த கணக்கு. அது அவ்வளவு உறுதியில்லை என்று பிறகு வந்தவர்கள் சொன்னார்கள். ஆனால் கருப்பையே இல்லாத நாய்க்குக் கருப்பையில் சீழ் பிடிக்காது. இதற்குச் சதவீதம் எதற்கு?

செவலை ஒரு ஈத்தோடு நிற்கவில்லை. வருடத்துக்கு இரண்டு பருவம், 63 நாள் சினை. கடுவன் குட்டிகளைத் தோட்டக் காவலுக்குக் கேட்டு வாங்கிப் போவார்கள். பொட்டைக் குட்டிகளை? "வாய்க்கா மேட்டுல விட்டுட்டமுங்க" என்று சாதாரணமாகச் சொல்வார். கீழ்பவானி வாய்க்கால் மேட்டில் விட்டவை எல்லாமே செத்துப்போவதில்லை. காங்கேயம், சென்னிமலைப் பக்கம் பட்டியில் புகுந்து ஆடு கடிக்கும் கூட்டத்தில் செவலையின் பேத்திகள் இருந்தார்களா, தெரியாது. குதறிய ஆடுகளுக்குத் தையல் போடும்போது அந்த நினைப்பு வரும்.

கடைசியாகக் கொண்டுவந்தபோது செவலை பருவம் முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. சாப்பாடு இல்லை, தொட்டித் தண்ணீரையே குடித்துத் தீர்க்கிறது, வாந்தி. வயிறு உப்பியதைப் பார்த்துச் சினை என்று நினைத்து நான்கு நாள் காத்திருக்கிறார். கருப்பை வாய் மூடியிருந்ததால் சீழ் வெளியே வரவில்லை. சீனியர் ஒருவரைக் கூட்டிவந்து திறந்தோம். பென்சில் தடிமன் இருக்க வேண்டிய கருப்பையின் இரண்டு கொம்புகளும் காற்றடித்த சைக்கிள் டியூப் மாதிரி வந்தன. தட்டில் வைத்து நிறுத்தினால் ஒன்றேகால் கிலோ. நாய் மொத்தமே 16 கிலோ. மூன்றாம் நாள் விடியற்காலம் போய்விட்டது.

இதே அம்மா கிடாய்க் குட்டிகளைக் காயடிக்க வருடா வருடம் கொண்டுவருவார். நான் பர்டிசோ இடுக்கியால் விதை நரம்பை நசுக்கும்போது முகத்தைக்கூடத் திருப்ப மாட்டார். அங்கே வராத பாவம் நாய் என்றதும் வந்துவிடுகிறது. நானும் அந்தப் 'பாவம்' என்ற சொல்லுக்குப் பின்னால்தானே ஒளிந்துகொண்டேன்?

இப்போது யார் பொட்டை நாயைக் கொண்டுவந்தாலும் கேட்காமலே சொல்லிவிடுகிறேன். சில சமயம் அதட்டியும். போன வருடம் அப்படி அதட்டிச் செய்யவைத்த நாய் ஒன்று, இரண்டு வயது, மயக்கத்திலிருந்து எழவேயில்லை. இன்னொன்றுக்குத் தூக்கத்தில் மூத்திரம் சொட்டுகிறது; வீட்டுக்காரர் என்னைப் பார்த்தால் முகம் கொடுப்பதில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு தீனியைக் குறையுங்கள் என்றால் யார் கேட்கிறார்கள், நாலைந்து நாய்கள் உருண்டு திரண்டுவிட்டன. உங்க இஷ்டம் என்று சொல்லியிருந்தால் இந்தப் பழியெல்லாம் என் மேல் வந்திருக்காது. அந்தச் சொல்லின் சௌகரியமே அதுதான்.

போன வாரம் அந்த அம்மா புதிதாக ஒரு பொட்டைக் குட்டியோடு வந்திருந்தார், முதல் ஊசிக்கு. வரிசையில் பக்கத்தில் நின்ற பையனிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "டாக்டரு அப்பவே படிச்சுப் படிச்சுச் சொன்னாருங்கண்ணு, நாந்தான் கேக்காம விட்டுட்டேன்." பையன் என்னை மரியாதையாகப் பார்த்தான். நான் குனிந்து மருந்தை ஊசியில் இழுத்துக்கொண்டிருந்தேன்.