நிலாப் பாட்டி ஏன் திரும்பி உக்கார மாட்டேங்கறாங்க?

அஞ்சாங்கிளாஸ்ல பூமி, நிலா பாடம் நடத்திட்டு இருந்தப்ப ஒரு பொண்ணு எழுந்து, "டீச்சர், நிலால வடை சுடுற பாட்டி ஒரு நாள் கூட திரும்பி உக்கார மாட்டாங்களா?"ன்னு கேட்டா. எனக்கு அவளை அப்படியே தூக்கி கொஞ்சணும் போல இருந்துச்சு. நிலா தன்னைத்தானே சுத்துறதுக்கும் பூமியை ஒரு சுத்து சுத்துறதுக்கும் ஒரே நேரம், 27.3 நாள், அதனால நமக்கு ஒரு பக்கம் தான் தெரியுதுன்னு சொன்னேன், தலையை ஆட்டினாங்க, ஆனா பாதி பேருக்கு மேல "அப்ப நிலா தன்னைத்தானே சுத்தவே இல்ல"ன்னு தான் மனசுல இருந்துச்சு.

சரின்னு எல்லாரையும் கிரவுண்டுக்கு கூட்டிட்டு போயிட்டேன். ஒரு பையன் பூமி, நடுவுல நின்னான். கேள்வி கேட்டவ தான் நிலா. முதல்ல, கொடிக்கம்பத்தை விட்டு கண்ணை எடுக்காம பூமியை சுத்தி வாம்மான்னேன். பாதி சுத்து முடியறதுக்குள்ளயே பூமி கத்துறான், "டீச்சர், இப்ப காது தெரியுது, இப்ப முதுகு தெரியுது!" அடுத்து, பூமியோட மூஞ்சியையே பாத்துட்டு பக்கவாட்டுல நடந்து வரச் சொன்னேன், நடக்க நடக்க எதிர்ல என்ன தெரியுதுன்னு சத்தமா சொல்லணும். ஸ்கூல் கேட், வேப்பமரம், தண்ணி டேங்க், கொடிக்கம்பம், திரும்ப ஸ்கூல் கேட்னு சொல்லிட்டு வந்தவ அப்படியே நின்னுட்டா. "டீச்சர், நானும் ஒரு சுத்து திரும்பிட்டேன்!"

ரோல் பிளேன்னா நம்ம ஊர்ல சார்ட் பேப்பர்ல கிரீடம் செஞ்சு மாட்டி "நான் தான் சூரியன், நான் வெளிச்சம் தருவேன்"னு மனப்பாடமா ஒப்பிக்க வைக்கறதுன்னு ஆகிப்போச்சு. ஆண்டு விழாவுக்கு அது நல்லாருக்கும், அறிவியல் கிளாஸுக்கு போதாது. வசனமே குடுக்காதீங்க, எப்படி நகரணும்னு மட்டும் சொல்லுங்க, என்ன தெரியுதுன்னு அவங்க சொல்லட்டும்.

இதுல ஒரு ஆபத்தும் இருக்கு, விளையாட்டு முடிஞ்சப்ப நிலா ரெண்டு எட்டுல இருக்குன்னு அவங்க மனசுல பதிஞ்சிடும். அதனால அன்னிக்கே ஒரு கால்பந்தும் எலுமிச்சம்பழமும் எடுத்து, இது பூமி, இது நிலா, எவ்ளோ தள்ளி வைக்கலாம்னு கேட்டேன். எல்லாரும் ஒரு முழம் தள்ளி வச்சாங்க. டேப் புடிச்சு 6.6 மீட்டர் அளந்து காட்டினதும் வாயைப் பொளந்துட்டாங்க. அதே அளவுல சூரியன் 24 மீட்டர் அகலத்துல, 2.5 கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் இருக்கும்! நிலாவோட பின்பக்கத்தை மனுஷங்க போட்டோவுல பாத்ததே 1959ல லூனா 3ங்கற சோவியத் விண்கலம் போனப்புறம் தான்னு சொன்னப்ப, பாட்டியோட முதுகு எப்படி இருந்துச்சுன்னு கேட்டாங்க. அந்தப் பக்கம் கரும்திட்டு ரொம்ப கம்மி, குழி தான் நிறையன்னு சொன்னேன்.

மறுநாள் பூமியா நின்ன பையன் வந்தான். "டீச்சர், நிலால நின்னா பூமி எப்போ உதிக்கும்?" நான் பதில் சொல்லல. இந்த தடவை அவனையே நிலாவாக்கி சுத்த விட்டேன். ரெண்டு சுத்து மெதுவா சுத்தினான்.

"உதிக்கவே இல்ல டீச்சர். எப்பவும் என் மூக்குக்கு நேரா அங்கயே தான் நிக்குது."