10 தடவை போயி 6 மீனு: ட்ரொண்ட்ஹைம்ல தூண்டில் பழகின கதை

நான் தூத்துக்குடிக்காரன். ஆனா வீட்ல யாரும் கடலுக்குப் போனவங்க கெடையாது, அப்பா வாத்தியாரு, மீனுன்னா காலைல அம்மா வாங்கிட்டு வர்ற சாளை, நெத்திலி, அதுவும் ஆய்ஞ்சு கழுவி சட்டிக்கு வந்தப்புறம்தான் எனக்கு அதோட பழக்கம். இங்க நார்வேல, ட்ரொண்ட்ஹைம் ஊர்ல மாஸ்டர்ஸ் படிக்க வந்து மொத குளிர்காலம் முழுக்க ரூம், லேப், ரூம்னே போச்சு. டிசம்பர்ல சூரியன் பத்து மணிக்கு மேல எட்டிப் பாத்துட்டு ரெண்டரைக்குள்ள போயிரும், அதையும் லேப் ஜன்னல்ல இருந்துதான் பாக்கணும். மார்ச் வந்து வெளிச்சம் திரும்ப வந்தப்போ வெளிய போயி ஏதாவது ஒன்னு பண்ணலேன்னா பைத்தியம் புடிச்சிரும்னு தோணுச்சு. ஸ்கீ பழகலாம்னா காசு, மலை ஏறலாம்னா முட்டி. அப்பதான் ஒரு சீனியர் சொன்னான், இங்க கடல்ல தூண்டில் போட லைசென்ஸ் வேண்டாம், கரைல நின்னு யாரு வேணா புடிக்கலாம், ஆத்துலயும் ஏரியிலயும்தான் கார்டு வாங்கணும்னு. ஓசின்னு சொன்னா போதாதா. பழைய சாமான் விக்கிற ஃபின்ங்குற வெப்சைட்ல ஒரு ராடும் ரீலும் சேத்து 250 குரோனருக்கு வாங்கிட்டேன். வித்த தாத்தா துருப்புடிச்ச ரெண்டு ஸ்லுக்க சும்மா குடுத்தாரு. ஸ்லுக்குன்னா மீன் மாதிரி பளபளக்கிற இரும்புத் துண்டு, அடியில முள்ளு, புழு எதுவும் குத்த வேண்டாம், வீசிட்டு சுத்தி இழுக்குறதுதான்.

மார்ச் 9, ஞாயிறு. நான் தங்கியிருக்குற மூஹோல்ட்ல இருந்து லாடெ கடற்கரை சைக்கிள்ல அரை மணி நேரம், போகும்போது எறக்கம், வரும்போது உசுரு போயிரும். ரோட்டோரம் இன்னும் ஐஸ், ஆணி வச்ச டயர் இல்லேன்னா அவ்வளவுதான். ஓஸ்ட்மார்க்னெஸ் பாறைல நின்னா எதுக்க மூன்க்ஹோல்மன் தீவு, ஒரு காலத்துல மடம், அப்புறம் கோட்டையும் ஜெயிலும், அதுக்கும் அந்தாண்ட ஃபோசன் மலையெல்லாம் வெள்ளை வெளேர்னு. மைனஸ் 3 டிகிரி. இவ்வளவு குளிர்லயும் ஃபியோர்ட், அதாவது நிலத்துக்குள்ள நீளமா நுழையிற கடல், உறையாது, அட்லாண்டிக்ல இருந்து வர்ற சூடான நீரோட்டம்தான் காரணம். ஆனா என் ராடு உறைஞ்சிருச்சு! நூல் தண்ணிய இழுத்துட்டு வருதுல்ல, அது ராட்ல இருக்குற வளையத்துல ஐஸா கட்டிக்கிச்சு, நாலு தடவை வீசினா அஞ்சாவது தடவை நூலே ஓடல, வாயில வச்சு ஊதி ஊதி ஐஸ உருக்கி மறுபடி வீசணும். ஒன்னரை மணி நேரம் நின்னேன். ஒன்னும் இல்ல.

மார்ச் 16, 23. இதுவும் ஒன்னும் இல்ல. இந்த ரெண்டு நாள்ல நாலு ஸ்லுக்கு போச்சு. அடியில பெரிய பெரிய கடல்பாசி, வாழையெல மாதிரி அகலமா நீளமா இருக்கும், அதுல போயி மாட்டிக்கிட்டா இழுக்க இழுக்க நூல்தான் அறும். ஒன்னு அறுபது குரோனர். நம்ம காசுல கணக்கு பண்ணாதன்னு மனசுக்கு சொல்லிக்கிட்டேன், ஆனா பண்ணிட்டேன்.

அப்புறம்தான் உக்காந்து கொஞ்சம் படிச்சேன். மார்ச்லதான் தண்ணி இருக்குறதுலயே ஜில்லுன்னு இருக்குமாம், மீனெல்லாம் ஆழத்துல கெடக்கும். வெளிச்சம் கூட கூட தண்ணியில கண்ணுக்குத் தெரியாத பாசி பெருகும், அத திங்க பூச்சி, பூச்சிய திங்க குஞ்சு மீனு, அத தொரத்திக்கிட்டு பெருசெல்லாம் கரைக்கு வரும். இன்னொன்னு, நான் கடல்ல வத்தமும் ஏத்தமும் பாக்காமயே போயிக்கிட்டு இருந்தேன். தூத்துக்குடில கடல் ஏறி எறங்குறது ஒரு மீட்டர் கூட வராது, யாரு கவனிக்கிறா. இங்க சில நாள் மூணு மீட்டர் கிட்ட ஏறி எறங்குது! நான் போன நேரம் பூரா வத்தம், முழங்கால் தண்ணியில பாசிக்குள்ள வீசிட்டு இருந்திருக்கேன். சர்க்கார் சைட்லயே டைம் டேபிள் இருக்கு, எத்தன மணிக்கு எத்தன சென்டிமீட்டர்னு. ஏத்தம் முடியிறதுக்கு ஒன்னரை மணி நேரம் முன்னாடி போனா நல்லதுங்குறது நான் கடைசில வந்து சேந்த கணக்கு.

ஏப்ரல் 6. இந்த நாளப் பத்தி வீட்ல சொல்லல. ஏத்தத்துல போயாச்சு, எல்லாம் கரெக்ட், ஆனா தண்ணி வத்துன எடத்துல பாறைல பச்சையா ஒரு பாசி இருக்கும் பாருங்க, அதுல கால வச்சேன். சோப்பு மாதிரி. இடுப்பு வரைக்கும் உள்ள போயிட்டேன். ஆழம் இல்ல, உடனே ஏறிட்டேன், ஆனா தண்ணி அஞ்சு டிகிரி இருக்கும், மூச்சு அப்படியே நின்னுருச்சு, கத்தணும்னு நெனச்சா சத்தம் வரல. ஈரப் பேன்ட்டோட சைக்கிள் மிதிச்சு வந்து கதவு முன்னாடி நின்னா சாவிய புடிக்க விரல் மடங்க மாட்டேங்குது. பக்கத்து ரூம் பையன் கதவ தொறந்து என்னைப் பாத்துட்டு ஒரு வார்த்த கேக்காம போயி கெட்டில்ல தண்ணி வச்சான். நார்வேக்காரங்க அதிகம் பேச மாட்டாங்கன்னு குறை சொல்றவங்க இந்த மாதிரி நேரத்துல பாக்கணும். அன்னைக்கு ரெண்டு பாடம்: தனியா போகக் கூடாது, அப்படியே போனாலும் பச்சைப் பாறைல கால் வைக்கக் கூடாது. ரெண்டாவத மட்டும் கடைப்பிடிக்கிறேன்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி. ஈஸ்டருக்கு ஊரே காலி. எல்லாரும் முதுகுல பை, பையில ஆரஞ்சுப் பழம், க்விக் லுன்ஷ் சாக்லேட், மலைல இருக்குற குடிலுக்குப் போயி ஸ்கீ பண்ணிட்டு சாயங்காலம் கொலைக்கேஸ் கதை படிப்பாங்களாம், திருநாளுக்கும் கொலைக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டா அவங்களுக்கே சிரிப்பு வருது. வியாழன்ல இருந்து திங்கள் வரைக்கும் நடுவுல சனிக்கெழம தவிர கடையெல்லாம் மூடல், எனக்கு அது தெரியாம வெங்காயம் கூட இல்ல, ரெண்டு நாள் தயிர்சாதம். பனி உருகின எடத்துல மஞ்சளா ஹெஸ்டஹோவ் பூ, இங்க வசந்தத்துக்கு அதுதான் மொத பூ. தண்ணியில ஒரு வாத்துக் கூட்டம், ஆர்ஃபுக்ல்னு பேரு, ஆம்பள வாத்து "ஆஆ...ஊஊ"ங்கும், திண்ணைல ரெண்டு கெழவிங்க யாரு வீட்டுக் கதையோ கேட்டு வாயப் பொத்திக்கிட்டு "ஆஊ"ங்குற மாதிரி அப்படியே இருக்கும். நாள் முழுக்க கேக்கலாம்.

அன்னைக்கு ஒரு பெரியவரு நாயோட வந்தாரு. "ஃபோர் டு நோ?" ஏதாவது மாட்டுதான்னு அர்த்தம். இல்லன்னு தலையாட்டினேன். என் முடிச்சப் பாத்தாரு, அறுத்துப் போட்டுட்டு புதுசா போட்டாரு, நூல நாக்குல ஈரம் பண்ணி இறுக்கணுமாம், காஞ்ச நூல் இறுக்கினா சூட்டுல பலவீனமாயிரும்னு சொன்னாரு. வேகமா சுத்தாத, சுத்து, நிறுத்து, கொஞ்சம் முங்க விடு, மறுபடி சுத்துன்னு கையால காட்டினாரு. கெளம்பும்போது "ஷிட் ஃபிஸ்கெ!"ன்னாரு. நான் திட்டுறாருன்னு நெனச்சிட்டேன். அப்புறம் பாத்தா அதுதான் இங்க தூண்டில்காரங்களுக்கு சொல்ற வாழ்த்து, நல்லா கெடைக்கட்டும்னு வாய் விட்டு சொன்னா ஒன்னும் கெடைக்காதாம், அதனால மோசமா போகட்டும்னு சொல்லணும். வெளிய கெளம்புறவன "எங்க போற"ன்னு கேக்கக்கூடாதுங்குற ஊர்ல இருந்து வந்தவனுக்கு இது சட்டுன்னு புரிஞ்சிருச்சு. அன்னைக்கு ஒரு இழுப்பு இருந்துச்சு, ராடு நுனி ரெண்டு தடவை தலையாட்டுச்சு, அவ்வளவுதான். ராத்திரி தூக்கம் வரல.

ஏப்ரல் 26. மாட்டுச்சு! சாயங்காலம் எட்டரை, இன்னும் நல்ல வெளிச்சம். பெரியவர் சொன்ன மாதிரி நிறுத்தி முங்க விட்டேன், மறுபடி சுத்துறேன், பாசி மாதிரி கனமா இல்ல, கை குலுக்குற மாதிரி. வெளிய எடுத்தா ஒரு சாண் கூட கொஞ்சம் நீளம், கரும்பச்சை முதுகு, நடுவுல வெள்ளையா ஒரே நேர் கோடு. சை மீனு. (நம்ம ஊர்ல அந்தப் பேர சொல்லி விக்க முடியாது.)

இதுக்கு அப்புறம்தான் மேட்டரே. மீனப் புடிச்சாச்சு, அது உசுரோட பாறைல துள்ளுது, வாய தொறந்து தொறந்து மூடுது. இருபத்து நாலு வருசமா மீன் திங்கிறேன், ஒன்னக் கூட கொன்னதில்லன்னு அந்த நிமிஷம்தான் ஒறைச்சுது. கண்ணுக்குப் பின்னாடி மண்டைல பலமா ஒரு அடி, உடனே செவுளுக்கு அடியில கத்தி போட்டு ரத்தம் வடிய விடணும், அதுக்கு இங்க ப்ளோக்கன்னு தனி வார்த்தையே இருக்கு, வீடியோ பத்து தடவை பாத்திருக்கேன். கல்ல எடுத்தேன். மொத அடி பயந்துக்கிட்டே அடிச்சேன், சாகல, இன்னும் வேகமா துள்ளுச்சு. பாவம் பாத்து மெதுவா அடிச்சதுதான் அதுக்கு நான் பண்ண பெரிய பாவம். ரெண்டாவது அடில ஒடம்பு பூரா ஒரு நடுக்கம் ஓடி வால் விறைச்சு அடங்கிருச்சு. கத்தி போட்டு வாளித் தண்ணியில வச்சேன், தண்ணி செவந்துச்சு. கை நடுங்கினது குளிரா வேறயான்னு தெரியல, ஒரு பத்து நிமிஷம் அந்த வாத்து சத்தத்த கேட்டுட்டு சும்மா உக்காந்திருந்தேன். அதுக்கு மேல அன்னைக்கு வீசல.

ராத்திரி அம்மாவுக்கு போன். அங்க நடுராத்திரி, பதறிப்போயி எடுத்தாங்க. சொன்னேன். "எய்யா, கொல்லத் தெரியாதவன் திங்கக் கூடாதுன்னா நம்ம தெருவுல பாதி பேரு பட்டினிதான் கெடக்கணும், போயி மொளகாப்பொடி தடவி வை"ன்னாங்க. வச்சேன். ரவைல பொரட்டிப் பொரிச்சேன். நல்லாத்தான் இருந்துச்சு.

மே 3. தோஷ்க், அதாவது காட் மீனு. குதிச்சு குதிச்சு இழுத்துச்சு. இங்க 62 டிகிரி அட்சரேகைக்கு வடக்க தோஷ்க் 44 சென்டிமீட்டர் இருந்தாத்தான் எடுக்கலாம், ராட்லயே டேப் ஒட்டி அளவு வச்சிருக்கேன். 38. கைய நனைச்சுக்கிட்டு முள்ள எடுத்து விட்டுட்டேன், காஞ்ச கையால புடிச்சா மேல இருக்குற வழவழப்பு போயி அதுக்கு நோய் வரும். வாலை ஒரு அடி அடிச்சுட்டு எம்மேல தண்ணியத் தெளிச்சுட்டுப் போச்சு.

மே 10. அரை மணி நேரத்துல மூணு சை, கூட்டமா வந்துச்சு போல, அதுக்கப்புறம் நிசப்தம். இந்தத் தடவை கல்லுக்குப் பதிலா ஒரு கட்டை, மூணும் ஒரே அடி. கரைலயே வயித்தக் கீறினேன், ஈரல் மேல குட்டியா கொசுவத்திச் சுருள் மாதிரி வெள்ளையா சுருண்டு சுருண்டு ஏதோ ஒட்டியிருக்கு. நகம் வச்சு எடுத்தா நெளியுது! க்வைஸ்னு சொல்ற புழு, இங்க கடல் மீன்ல ரொம்ப சகஜம். மீன் செத்தப்புறம் வயித்துல இருந்து சதைக்குள்ள போகுமாம், அதனாலதான் உடனே குடல எடுத்துரணும். 60 டிகிரி சூட்டுல ஒரு நிமிஷம் இருந்தாலே செத்துரும், பச்சையா திங்கிறவங்க மைனஸ் 20ல ஒரு நாள் ஃப்ரீசர்ல வைக்கணும். கொதிக்கிற குழம்புக்கு இதெல்லாம் ஜுஜுபி. ஆனா அம்மாகிட்ட போட்டோ அனுப்பினது தப்பு.

குழம்பு வச்சேன், புளி கொழும்புக்காரர் கடைல, தேங்காய்ப்பால் டின்ல. சை ரொம்ப மெத்துன்னு இருக்குற மீனு, ஊர்ல பாறை மீன் போடுற மாதிரி கொதிக்கும்போது போட்டு மூடி வச்சேன், பத்து நிமிஷத்துல எல்லாம் உதுந்து கரைஞ்சு, சட்டிக்குள்ள மறுபடி தூண்டில் போட்டாத்தான் மீன் கெடைக்குங்குற நெலம. பக்கத்து ரூம் பையன் அதை அவிச்ச உருளைக்கிழங்கு மேல ஊத்தி ரெண்டு தட்டு தின்னான், மூக்கு ஒழுகுது, நிறுத்தல. ரெண்டாவது முறை, உப்புப் போட்டு இருபது நிமிஷம் வச்சா தண்ணி விட்டு சதை கொஞ்சம் இறுகும், அப்புறம் குழம்ப எறக்குறதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி போட்டு கரண்டியே விடாம சட்டிய மட்டும் ஆட்டணும். இது வேலை செய்யுது.

மே 17, நார்வேயோட தேசிய நாள். காலைல புள்ளைங்க ஊர்வலம், பூனாட்ங்குற பாரம்பரிய உடுப்பு போட்ட பொம்பளைங்க, ஐஸ்க்ரீமும் சாசேஜும், பாக்குறவங்கல்லாம் "கிராத்துலேரெர் மெ தாகென்"னு வாழ்த்துறாங்க. சாயங்காலம் போனேன், பாறை பூரா கூட்டம், ஒன்னும் மாட்டல, பத்தரைக்குத்தான் சூரியன் எறங்குச்சு.

மே 25. பரீட்சைக்கு படிக்கணும், போனேன். பதினோரு மணி ஆகப்போகுது, பேப்பர் படிக்கலாம் அவ்வளவு வெளிச்சம், தண்ணி கண்ணாடி. தாத்தா ஓசில குடுத்த ஸ்லுக்குதான், மோரேசில்டுன்னு பேராம், கடைசியா மிஞ்சினது அது ஒன்னுதான். தோஷ்க். டேப்ல வச்சேன், 47. ரெண்டு தடவை அளந்தேன். ஒரே அடி.

கணக்கு: 10 தடவை, 6 மீனு, ஒன்ன விட்டாச்சு. ராடு 250, பழைய பூட்ஸ் 150, தொலைஞ்ச ஸ்லுக்கு ஏழு, 420. ஆக ஒரு மீனு 164 குரோனர். கடைல இதவிட மலிவு, அங்க முள்ளு கூட எடுத்துத் தருவாங்க.

பரீட்சை முடிஞ்சதும் அடுத்தது அயிலை. ஜூன் கடைசில கூட்டமா உள்ள வருமாம், அதுக்கு ஒரே நூல்ல அஞ்சாறு முள்ளு கட்டின ஹெக்லெ வேணும், அத கட்டிப் பழகிட்டு இருக்கேன், ரெண்டு தடவை என் சட்டையிலேயே மாட்டியாச்சு. அம்மாகிட்ட அயிலைன்னு சொன்னதும் குரலே மாறிருச்சு. "அதுக்கு டின்னு பாலெல்லாம் சரிப்படாதுய்யா, தேங்கா அரைச்சு ஊத்தணும். அங்க தேங்கா திருவி கெடைக்குமா, நான் அனுப்பட்டா?"