மொட்டைமாடியில் ஒரு நோலினா

பிப்ரவரி 18, 2024 – அல்சூர், பெங்களூரு

மேல்வீட்டு அக்கா கோயம்புத்தூருக்கு வீடு மாற்றிப் போகும்போது தன் போனிடெயில் பாம் செடியை என்னிடம் விட்டுவிட்டுப் போனார். சித்தாபுரா நர்சரிக்காரர்களுக்கு இது நோலினா. பழைய தாவரவியல் பெயர் அவர்கள் வாயில் அப்படியே நின்றுவிட்டது. இப்போதைய பெயர் பியூகார்னியா ரிகர்வேட்டா. பாம் என்று அழைத்தாலும் இது பனை இனமே இல்லை. நம் மருள், தண்ணீர்விட்டான் கிழங்கு, நிலச்சம்பங்கி எல்லாம் இதற்குச் சொந்தக்காரர்கள். கே.ஆர். மார்க்கெட்டில் குவியலாகக் கிடக்கும் சம்பங்கிக்கும் இதற்கும் பூர்வீகம்கூட ஒன்றுதான், மெக்சிகோ.

வெள்ளைப் பீங்கான் தொட்டி, பார்க்க அவ்வளவு அழகு. அடியில் ஓட்டை இல்லை. செடியை உருவியபோது புளித்த வாடை அடித்தது. வேரைப் பிடித்தால் தோல் மட்டும் கையோடு வந்தது. அடியில் பானை மாதிரி உப்பியிருக்கும் வயிற்றில்தான் இது தண்ணீர் சேர்த்து வைக்கிறது. ஆமை ஓடு போல வெடித்த பட்டை, தட்டினால் கெட்டியாகச் சத்தம் கேட்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கட்டைவிரல் உள்ளே போனது, பழுத்த சப்போட்டாவை அமுக்கினாற்போல.

கத்தியை நெருப்பில் காட்டி, வெளுத்த கெட்டிச் சதை தெரியும்வரை செதுக்கினேன். பூஞ்சைக்கொல்லித் தூள் தடவி, நிழலில் பழைய செய்தித்தாள்மேல் கிடத்தியிருக்கிறேன். மூன்று வாரம் தண்ணீரே கிடையாது. நூலால் வயிற்றைச் சுற்றி அளந்தேன்: 46 செ.மீ.

மார்ச் 10

வெட்டிய இடம் தோல் மாதிரி காய்ந்துவிட்டது. மண்தொட்டி வாங்கி நட்டேன், வயிற்றைவிட இரண்டு விரல்தான் அகலம். பெரிய தொட்டி வைத்தால் வேர் போகாத மண்ணில் ஈரம் தங்கி மறுபடி அழுகும். செம்மண் ஒரு பங்கு, தூசி போகக் கழுவிய எம்-சாண்ட் ஒரு பங்கு, செங்கல் உடைசல் ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு கை. கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) சேர்க்கவில்லை, அது ஈரத்தை விடவே விடாது. வயிறு மண்ணுக்கு மேலேதான் இருக்கணும். புதைத்தால் பட்டை ஓரத்திலேயே அழுகல் ஆரம்பித்துவிடும்.

ஊரில் போர்வெல்கள் வறண்டு கிடக்கின்றன. குடிநீரைச் செடிக்கு ஊற்றினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்திருக்கிறது. ரோஜாவை நினைத்தால்தான் கலக்கமாக இருக்கிறது. இதைப் பற்றிக் கவலையே இல்லை.

ஏப்ரல் 14

புத்தாண்டுக்கு அம்மா கிருஷ்ணகிரியிலிருந்து வந்திருக்கிறார். காலையில் மாடிக்குப் போனால் தொட்டி மண் கருத்து ஈரமாக இருந்தது. மூன்று நாளாக அரிசி கழுவிய தண்ணியை இதற்குத்தான் ஊற்றியிருக்கிறார்.

“எல போற போக்கப் பாத்தியா கண்ணு? தொங்கித் தொங்கித் தண்ணி கேக்குது.”

“அது பிறப்பே அப்படித்தாம்மா. எல தொங்கணும். நீங்க இங்க அமுக்கிப் பாருங்க.”

அம்மா விரலால் வயிற்றை அமுக்கினார். அமுங்கவில்லை. “ஒட்டகமாட்டம் இருக்குதே” என்றார். இலையை நீவிவிடப் போனவர் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். ஓரத்தில் மெல்லிய அரம் உண்டு, எதிர்த்திசையில் இழுத்தால் கீறிவிடும். அரிசித் தண்ணி இனிமேல் கறிவேப்பிலைக்கு என்று முடிவானது. எனக்கு அம்மாமேல் கோபமே வரவில்லை. ஒரு சொட்டையும் வீணாக்கக் கூடாது என்றுதானே ஊற்றினார்.

ஏப்ரல் 28

இந்த மாதம் மழையே இல்லை. வெயில் 38 டிகிரியைத் தொட்டுவிட்டது. ரோஜா இரண்டு போய்விட்டன. நோலினாவின் வயிற்றில் இன்றுதான் மெல்லிய சுருக்கம் பார்த்தேன். நூல் 45 செ.மீ. காட்டியது. சேர்த்து வைத்ததைச் செலவு செய்திருக்கிறது. ஒரு இலைகூட உதிரவில்லை. காய்கறி கழுவிய தண்ணீரில் இரண்டு சொம்பு, ஓட்டை வழியாக வழியும்வரை ஊற்றினேன். டேங்கர் தண்ணீர் வேண்டாம் என்று வைத்தேன். அதன் உப்பு மண்மேல் வெள்ளையாகப் படியும், இலை நுனியும் கருகும்.

மே 7

மழை! எல்லாத் தொட்டியையும் நனையவிட்டேன். இதையும்தான், ஒரே ஒரு நாள்.

ஜூன் 16

நுனியில் புது இலைகள், வெளிர்பச்சை. இலை இடுக்கில் மாவுப்பூச்சி. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். பக்கத்து வீட்டுப் பூனை இலையைக் கடித்து விளையாடுகிறது. பூனைக்கு இதில் விஷம் இல்லை, விட்டுவிட்டேன்.

மெக்சிகோவில் காட்டு நோலினா அழியும் ஆபத்தில் இருக்கிறதாம். காட்டில் தோண்டித் தோண்டி விற்றே குறைத்துவிட்டார்கள். 2017 முதல் சைட்டீஸ் என்ற, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்துக்கான சர்வதேச ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் வைத்து, நாடுவிட்டு நாடு விற்பதைக் கட்டுப்படுத்தியிருக்கிறார்கள். படித்ததிலிருந்து மனசு என்னவோ போல இருக்கிறது. நர்சரியில் வாங்குவோர் விதையில் வளர்த்ததா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்குங்கள்.

அக்டோபர் 16

இரண்டு நாளாக விடாத மழை. பள்ளிகளுக்கு விடுமுறை. நேற்று இரவே தொட்டியைக் கூரைக்கடியில் இழுத்து வைத்துவிட்டேன். நூல் போட்டுப் பார்த்தேன், 46 செ.மீ. செதுக்கிய இடத்தில் பட்டை மூடிவருகிறது, ஓரம் மட்டும் இன்னும் வெளுப்பு.

அம்மா போன் செய்தார். மழை எப்படி என்று கேட்கவில்லை. “அந்த ஒட்டகத்த உள்ள வச்சியா?” என்றார்.